ஸ்பாஞ்சுக்கு உறை ஊற்றியும் அமோனியா இறங்கவில்லையா? தனிமைத் தொட்டிக்கான பிழை நீக்கும் வழிமுறை

தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் இதுவும். பெரிய மீன் தொட்டியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பில்டரிலிருந்து, மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவை ஒரு புது ஸ்பாஞ்சில் ஏற்றி, அந்த ஸ்பாஞ்சைத் தனிமைத் தொட்டிக்கு மாற்றுகிறோம். புதிதாக வாங்கிய மீன் நான்கு வாரம் அங்கே இருக்கும். நோய் எதுவும் தலைகாட்டவில்லை என்றால் பெரிய தொட்டிக்குப் போகும். பால் ஒரே ராத்திரியில் தோய்ந்துவிடும், ஸ்பாஞ்ச் தோய மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். கீழே வரும் கோளாறுகளில் நிறைய இந்த அவசரத்தில்தான் பிறக்கின்றன.

இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். இந்தப் பாக்டீரியா ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், சரளைக்கல் போன்ற பரப்பில் ஒட்டி வாழ்வது. பெரிய தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றினாலும் அதில் வருவது சொற்பம். அடுத்தது, தின்னக் கிடைக்கும் அமோனியா எவ்வளவோ அவ்வளவு பாக்டீரியாதான் நிற்கும். நான்கு குட்டி மீன் போட்ட அமோனியாவில் வளர்ந்த ஸ்பாஞ்ச், உள்ளங்கை அளவு லுவோஹான் (பெரிதாக வளரும் அலங்கார மீன்) ஒன்று வந்தால் திணறத்தான் செய்யும்.

அளவுகள் எல்லாம் 40 லிட்டர் தண்ணீருக்குச் சொல்லப்பட்டவை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரக் கண்ணாடித் தொட்டியை முக்கால் அளவு நிரப்பினால் ஏறக்குறைய அதுதான் வரும். உள்ளே காற்று மோட்டாரில் ஓடும் ஒரு ஸ்பாஞ்ச் பில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, மூடி. மணலும் கல்லும் வேண்டாம். கையில் சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டி இருக்கட்டும். அமோனியா, நைட்ரைட் (அமோனியா மாறி வரும் அடுத்த விஷம்), பிஎச் (அமில-காரத் தன்மை), கேஎச் (தண்ணீரின் கார்பனேட் இருப்பு) நான்கும் அளக்க வேண்டும். சோதனை இல்லாமல் கீழுள்ள எதையும் செய்யாதீர்கள். மீன் மூச்சு வாங்குவதை வைத்து மட்டும் அமோனியாவா நைட்ரைட்டா காற்றுக் குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

மீன் விடுமுன் ஒரு ஒத்திகை

மீன் வாங்கக் கிளம்பும் முன்னே ஸ்பாஞ்சின் பலத்தை அளந்துவிடலாம். தூய அமோனியம் குளோரைடு 10 கிராமை எடுத்து, மொத்தம் 100 மி.லி. வரும்வரை தண்ணீர் சேர்த்துக் கரைத்து, பெயர் எழுதி வையுங்கள். ஸ்பாஞ்ச் ஓடும் 40 லிட்டர் தொட்டியில் ஊசியில்லாத சிரிஞ்சால் இதில் 2.5 மி.லி. விட்டால் அமோனியா ஏறக்குறைய 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஆகும். அரை மணி கழித்து ஒருமுறை, 24 மணி நேரம் கழித்து ஒருமுறை சோதியுங்கள். மறுநாள் அமோனியாவும் நைட்ரைட்டும் 0 என்றால் ஸ்பாஞ்ச் தயார்.

இந்த 2 பிபிஎம் எவ்வளவு தீனிக்குச் சமம்? 40 சதவீதம் புரதம் உள்ள தீனி 1 கிராம் தின்ற மீன், ஏறக்குறைய 37 மில்லிகிராம் நைட்ரஜனை அமோனியாவாக வெளியேற்றும். 40 லிட்டரில் அது 1 பிபிஎம்முக்குச் சற்று மேல். ஆக, ஒத்திகையில் தேறிய ஸ்பாஞ்ச் நாளுக்கு ஏறக்குறைய 2 கிராம் தீனி வரை தாங்கும். மறுநாள் 1 பிபிஎம் மிச்சம் இருந்தால் 1 கிராமுக்குத்தான் தாங்கும். மீன் எத்தனை என்று எண்ணுவதைவிடத் தீனியை நிறுத்துப் பார்ப்பது நம்பகமானது. நகை நிறுக்கும் சின்னத் தராசு போதும்.

தோட்டத்தில் உரத்துக்குப் பஞ்சமில்லை, அதிலும் அமோனியா இருக்கிறதே என்று சிலர் ஒரு சிட்டிகை போட்டுப் பார்க்கிறார்கள். செம்பனைக்குப் போடும் கலவை உரத்தில் பாஸ்பேட்டும் பொட்டாஷும் போரானும் சேர்ந்திருக்கும். அது தொட்டிக்கு ஆகாது.

ஒத்திகை முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அன்றோ மறுநாளோ மீனை விடுங்கள்.

அறிகுறி: ஸ்பாஞ்சை மாற்றிய மறுநாளே அமோனியா 0.5 அல்லது 1

அதிகம் வரும் கோளாறு இதுதான். காரணம் தேடுமுன் மீனைக் காப்பாற்றுங்கள். தீனியை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே வெப்பத்தில் இருக்கட்டும். பிறகு பிஎச் பாருங்கள். 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அளந்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் அது 6 சதவீதத்தைத் தாண்டும். ஒரே எண் ஒரு தொட்டியில் பொறுக்கலாம், இன்னொன்றில் கொல்லும்.

அடுத்து, பைப்புத் தண்ணீரை நேராகப் பிடித்து, குளோரின் நீக்கி, அதிலேயே அமோனியா சோதியுங்கள். இதை யாரும் செய்வதில்லை. குளோரமின் கலந்த தண்ணீரில் ஆன்டி-குளோரின் போட்டால் குளோரின் நீங்கும், அதோடு ஒட்டியிருந்த அமோனியா தண்ணீரில் நிற்கும். பைப்புத் தண்ணீரிலேயே 0.5 காட்டினால் ஸ்பாஞ்சைக் குறை சொல்லிப் பயனில்லை. மாற்றும் தண்ணீரை முதல்நாளே தோம்பில் (பீப்பாயில்) பிடித்து, குளோரின் நீக்கி, பாக்டீரியா ஏறிய ஒரு ஸ்பாஞ்சை அதற்குள் ஓடவிட்டு மறுநாள் எடுத்துப் பயன்படுத்தலாம்.

பைப்புத் தண்ணீர் சுத்தம் என்றால் கோளாறு ஸ்பாஞ்சில்தான். எங்கே தவறியது என்று வரிசையாகப் பாருங்கள்.

பைப்படியில் கழுவினீர்களா? மாற்றும்போது அழுக்காக இருக்கிறதே என்று ஓடும் தண்ணீரில் பிழிந்தால் குளோரின் பட்டு மேற்பரப்பில் உள்ளவை செத்துப்போகும். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் முக்கி, இரண்டே இரண்டு முறை மெதுவாகப் பிழிய வேண்டும். தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் கலங்கல் வரும், கொழகொழப்பு இருக்கும், மழை பெய்த மண்ணின் வாசம் அடிக்கும். நல்ல ஸ்பாஞ்சின் அடையாளம் அதுதான். தண்ணீர் தெளிந்து வரும்வரை பிழியாதீர்கள்.

வழியில் மூச்சு முட்டியதா? நண்பர் வீட்டு ஸ்பாஞ்சை ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பையில் தண்ணீரை நிரப்பி இறுகக் கட்டி, வெயிலில் நின்ற காருக்குள் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும். ஸ்பாஞ்சில் குடியிருக்கும் எல்லா உயிரும் சேர்ந்து அதை இழுக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, ஈரமாக மட்டும், பெரிய பையில் காற்று நிறைய விட்டு, நிழலில் கொண்டுவாருங்கள். ஈரம் காயாமல் காற்று பட்டுக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும்.

பெரிய தொட்டியில் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே ஓடும் மூடிய பில்டர்) ஓடுகிறதா? இது பலர் கண்ணுக்குத் தப்பும் காரணம். ஒரு ஸ்பாஞ்சைக் கூடுதலாக வைப்பதால் அந்தத் தொட்டியின் பாக்டீரியா கூடாது, அதே அமோனியாவை இருவர் பங்கு போட்டுக்கொள்வார்கள். வளையங்கள் நிறைந்த கேனிஸ்டர் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், ஸ்பாஞ்ச் ஆறு வாரம் இருந்தும் மெலிந்தே கிடக்கும். அத்தகைய தொட்டியில் வலைப்பையில் கட்டிய செராமிக் வளையங்களைக் கேனிஸ்டருக்குள்ளேயே வைத்திருந்து, தேவைப்படும்போது அந்தப் பையை அப்படியே எடுப்பது மேல். ஒருமுறைக்கு மொத்த மீடியாவில் (பாக்டீரியா ஒட்டியிருக்கும் வளையம், ஸ்பாஞ்ச் எல்லாம்) மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். எடுத்த பையைத் தனிமைத் தொட்டியின் ஒரு மூலையில் போட்டுவைத்தால் போதாது, தண்ணீர் அதன் ஊடே ஓட வேண்டும். சின்னப் பெட்டி பில்டருக்குள் போட்டுக் காற்று மோட்டாரில் ஓடவிடுங்கள்.

ஸ்பாஞ்ச் பெரிய தொட்டியில் சும்மா கிடந்ததா, ஓடியதா என்றும் பாருங்கள். காற்றுக் குழாய் மாட்டாமல் மூலையில் மிதக்கவிட்ட ஸ்பாஞ்சின் உட்புறத்தில் எதுவும் குடியேறாது.

இவை எதுவும் இல்லை, மீன்தான் அதிகம் என்றால், ஒன்றுவிட்டு ஒருநாள் தீனி போட்டு, தினமும் சோதித்து, 0.5 தாண்டும் நாளெல்லாம் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் ஸ்பாஞ்ச் எட்டிப்பிடிக்கும். நம் மலேசிய வெப்பம் இதில் நமக்குத் துணை. 27 முதல் 30 டிகிரி இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்த சூடு, ஹீட்டர் தேவையில்லை.

அறிகுறி: அமோனியா 0, நைட்ரைட் மட்டும் ஏறுகிறது

சோதனைக் குழாயில் வெளிர்நீலம் இருக்க வேண்டிய இடத்தில் ஊதா நிறம். அமோனியாவை நைட்ரைட்டாக்கும் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் கூட்டம் பின்தங்கிவிட்டது. முன்னது நைட்ரோசோமோனாஸ் போன்றவை. பின்னது நைட்ரோபாக்டர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998ல் வெளியான ஆய்வு காட்டியது. 2015ல், இரண்டு படியையும் ஒன்றே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் கண்டறியப்பட்டன. இந்த வகைகள் மெதுவாகத்தான் பெருகும், இடமாற்றத்திலும் காற்றுக் குறைவிலும் சீக்கிரம் நலியும்.

நைட்ரைட் மீனின் செவுள் வழியே ரத்தத்தில் ஏறி, ரத்தம் காற்றைச் சுமக்க விடாமல் செய்யும். மேலே வந்து வாயைப் பிளக்கும் மீனுக்குக் காற்றுக்கல் போட்டாலும் தெளியாது. உப்பு உதவும். உப்பிலுள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வாசலை அடைத்துக்கொள்ளும். அயோடின் சேர்க்காத கல்லுப்பு 10 லிட்டருக்கு 1 கிராம், அதாவது 40 லிட்டருக்கு 4 கிராம், ஏறக்குறைய முக்கால் தேக்கரண்டி. இதைத் தனி டம்ளரில் கரைத்து அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நைட்ரைட் 1 பிபிஎம் வரையில் இது நல்ல காவல். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்பு சேர்க்க வேண்டும். 20 லிட்டர் மாற்றினால் 2 கிராம்.

நைட்ரைட் 1ஐத் தாண்டினால் பாதித் தண்ணீர் மாற்றம் தினமும். பெரிய தொட்டியிலிருந்து இன்னொரு கைப்பிடி வளையம் கொண்டுவந்தால் நாட்கள் குறையும். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றவும் வேண்டாம், ஸ்பாஞ்சைக் கழுவவும் வேண்டாம்.

அறிகுறி: மூன்று வாரம் நன்றாக ஓடியது, திடீரென்று அமோனியா திரும்பி வந்தது

பாக்டீரியா சாகவில்லை, வேலையை நிறுத்திவிட்டது. பிஎச் அளந்தால் 6 பக்கம் காட்டும். 6.5க்குக் கீழே இவை சோர்ந்துபோகும், 6ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றேவிடும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் இருப்பைத்தான் கேஎச் என்று அளக்கிறோம். அமோனியாவை மாற்றும் ஒவ்வொரு நாளும் பாக்டீரியா இந்த இருப்பைக் கொஞ்சம் தின்றுவிடும். 1 மில்லிகிராம் அமோனியா-நைட்ரஜனுக்கு 7 மில்லிகிராம் சுண்ணாம்புக் கார்பனேட்டுக்குச் சமமான இருப்பு போகும். நாளுக்கு 2 பிபிஎம் அமோனியா உண்டாகும் தொட்டியில், 2 டிகிரி கேஎச் உள்ள தண்ணீர் மூன்றே நாளில் வறண்டுவிடும். இருப்பு தீர்ந்த நிமிடமே பிஎச் சரியத் தொடங்கும். ஆற்றுநீரைச் சுத்திகரித்து வரும் நம் பைப்புத் தண்ணீர் பல ஊர்களில் மென்மையானது. மழைத்தண்ணீரில் கேஎச் அனேகமாக இல்லவே இல்லை. கூரைத் தண்ணீரைத் தோம்பில் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றும் வீடுகளில் இந்தக் கோளாறு சீக்கிரம் வரும். கிணற்றுத் தண்ணீர் என்றால் ஊகிக்காமல் அளந்து பாருங்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் பக்கம் கிணறு கடினமாக இருக்கும், அங்கே இந்தக் கோளாறு வருவது அரிது.

சரிசெய்யும்போது அவசரப்பட்டால் மீன் போய்விடும். பிஎச் 6ல் அமோனியா 4 பிபிஎம் இருந்தாலும் விஷ வடிவம் மிகக் குறைவு, அதனால்தான் மீன் உயிரோடு நிற்கிறது. அந்த நிலையில் பிஎச்சை ஒரே மூச்சில் 8க்குத் தூக்கினால் அதே அமோனியா விஷமாகும். முதலில் அமோனியாவை இறக்குங்கள். காலை கால்வாசி, மாலை கால்வாசி என்று தண்ணீர் மாற்றி, அமோனியா 1க்குக் கீழே வந்தபிறகு கேஎச்சைக் கூட்டுங்கள். சமையலறையில் இருக்கும் ஆப்பசோடா போதும். 40 லிட்டருக்குக் கால் தேக்கரண்டி, சுமார் 1.2 கிராம், கேஎச்சை 1 டிகிரி ஏற்றும். ஒரு நாளைக்கு இவ்வளவு போதும். 3 அல்லது 4 டிகிரியை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். பிறகு நிலையாக நிற்க, 100 கிராம் கோரல் சிப்ஸை (பவளத் துண்டுகளை) வலைப்பையில் கட்டி ஸ்பாஞ்சின் அடியில், குமிழி கிளம்பும் இடத்தில் வைத்துவிடலாம். செப்பு மருந்து போடுவதாக இருந்தால் மட்டும் கோரல் சிப்ஸை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், அது செப்பை இழுத்து மருந்தின் அளவைக் குழப்பிவிடும்.

கேஎச் சோதனையை வாரம் ஒருமுறை செய்கிறவர்களுக்கு இந்தக் கோளாறு வந்ததாகக் கேள்விப்படுவது அரிது. சொட்டு எண்ணும் ஒரு நிமிட வேலை.

அறிகுறி: மருந்து போட்ட இரண்டாம் நாள் அமோனியா

தனிமைத் தொட்டி என்றாலே மருந்து வரும். எது பில்டரைத் தொடும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மெத்திலீன் நீலம் இந்தப் பாக்டீரியாவுக்கு ஆகாது, ஸ்பாஞ்சையும் நீலமாக்கிவிடும். அதைத் தொட்டியில் போடாமல், மீனைத் தனி வாளியில் எடுத்து மருந்துக் குளியலாகக் கொடுத்துத் திருப்பி விடுவதே நல்லது. ஆன்டிபயாட்டிக்குகள், குறிப்பாகக் கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாவைக் குறிவைப்பவை, அதே வகையைச் சேர்ந்த நம்முடைய கூட்டத்தையும் தாக்கக்கூடும். அவற்றைப் போட்ட நாளிலிருந்து ஸ்பாஞ்ச் பாதிப் பலத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, தீனியைப் பாதியாக்கி, தினமும் சோதியுங்கள். பார்மலின் கலந்த மருந்து தண்ணீரின் காற்றைக் குறைக்கும், கூடுதலாக ஒரு காற்றுக்கல் அவசியம். லிட்டருக்கு 3 கிராம் வரை உப்பைப் படிப்படியாக ஏற்றினால் ஸ்பாஞ்சுக்கு ஒன்றும் ஆகாது.

பில்டரில் கரித்துண்டு இருந்தால் மருந்துக்கு முன் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். ஜியோலைட் கல்லும் வேண்டாம். அமோனியாவைப் பிடித்துவைத்திருக்கும் அந்தக் கல், உப்புப் போட்டதும் பிடித்ததையெல்லாம் கக்கிவிடும்.

அறிகுறி: தண்ணீர் பால்போல் வெளுத்துவிட்டது

நல்ல பாக்டீரியா பெருகுகிறது, விட்டுவிடுங்கள் என்று சொல்வார்கள். தவறு. இப்படி வெளுப்பது மிச்சத் தீனியையும் கழிவையும் தின்று மணிக்கணக்கில் பெருகும் வேறு கூட்டம். நமக்கு வேண்டியவை நல்ல சூழலிலும் ஒருமுறை இரட்டிக்க அரை நாள் முதல் ஒரு நாள் எடுக்கும், தண்ணீரை வெளுக்க வைக்காது. ஸ்பாஞ்சை மாற்றும்போது அதிகமாகப் பிழிந்த சேறு தொட்டியில் கலந்திருக்கலாம், அல்லது தீனி மிஞ்சியிருக்கலாம். தரையில் கிடப்பதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, கால்வாசித் தண்ணீர் மாற்றி, ஒருநாள் தீனியை நிறுத்தி, காற்றைக் கூட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் தெளியும்.

அறிகுறி: சோதனையில் அமோனியா காட்டுகிறது, மீன் மட்டும் நன்றாகவே இருக்கிறது

அமோனியாவைக் கட்டிவைக்கும் வகைத் தண்ணீர் மருந்து பயன்படுத்தியிருப்பீர்கள். இரண்டு பாட்டில் கலந்து பச்சை நிறம் காட்டும் பெட்டிகள் கட்டுண்ட அமோனியாவையும் சேர்த்தே எண்ணும். ஒரே பாட்டிலில் மஞ்சள் பழுப்பு காட்டும் நெஸ்லர் வகை அந்த மருந்தோடு சேர்ந்தால் பொய்யான எண்ணே வரும். ஒருநாள் பொறுத்து மறுபடி சோதியுங்கள். எண் இறங்கினால் ஸ்பாஞ்ச் தின்றுகொண்டிருக்கிறது.

அறிகுறி: ஸ்பாஞ்ச் தயாராகத்தான் இருந்தது, ஆனால் ஒரு மாதம் தொட்டி காலியாகக் கிடந்தது

மீனில்லாத தொட்டியில் மோட்டார் ஓடினால் மட்டும் பாக்டீரியா தங்காது, பசியில் மெலியும். தனிமைத் தொட்டியை எப்போதும் ஓட்டிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் நிரந்தரமாக ஓடவிட்டு, தொட்டியை உலர்த்திக் கவிழ்த்து வையுங்கள். மீன் வாங்கும் அன்று காலை தண்ணீர் நிரப்பி ஸ்பாஞ்சை மாற்றினால் போதும். எப்போதும் இரண்டு ஸ்பாஞ்ச் ஊறிக்கொண்டிருக்கட்டும், ஒன்று போனால் ஒன்று கையில்.

தனியாக வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், மேலே சொன்ன அமோனியம் குளோரைடு கரைசலில் 1.25 மி.லி. ஒன்றுவிட்டு ஒருநாள் விடுங்கள், 1 பிபிஎம். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றம், கேஎச் சோதனை. ஸ்பாஞ்சை வெளியே வாளியில் ஓட்டாமல் போட்டுவைத்தால் பாக்டீரியாவும் போகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

அறிகுறி: குமிழி குறைந்துவிட்டது, அல்லது மின்தடைக்குப் பிறகு அழுகிய முட்டை நாற்றம்

குமிழி குறைந்தால் முதலில் காற்றுக்குழாயின் மடிப்பையும், பிறகு மோட்டாரின் ரப்பர் வால்வையும் பாருங்கள், கடைசியாக ஸ்பாஞ்சின் அடைப்பு. 1 மில்லிகிராம் அமோனியா-நைட்ரஜனை மாற்ற நான்கரை மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. 28 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜனே 8 மில்லிகிராமுக்குக் கீழ்தான். ஓட்டம் தளர்ந்தால் ஸ்பாஞ்சின் நடுப்பகுதி முதலில் மூச்சடைக்கும்.

மின்சாரம் போனால், தண்ணீருக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். மூடிய கேனிஸ்டர் அப்படியில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குமேல் நின்றிருந்தால் உள்ளேயிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் அலசியபிறகே ஓட்டுங்கள், நின்ற தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ளாதீர்கள். இடி மின்னல் மாலைகள் அதிகம் உள்ள ஊரில் யூஎஸ்பி பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார் ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஸ்பாஞ்ச் அழுகிய முட்டை நாற்றமடித்தால் அதைக் காப்பாற்றப் பார்க்காமல் எறிந்துவிட்டு, இரண்டாவது ஸ்பாஞ்சைப் போடுங்கள்.

அறிகுறி: அமோனியா 0, நைட்ரைட் 0, ஆனாலும் மீன்கள் சில மணி நேரத்தில் சாகின்றன

இது ஸ்பாஞ்சின் கோளாறு இல்லை. அன்று தாமானில் டிங்கிக்குப் புகை அடித்தார்களா, வீட்டுக்குள் கொசு ஸ்பிரே அடித்தீர்களா என்று பாருங்கள். அந்த மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு மிகச் சொற்ப அளவிலும் மீனைக் கொல்லும், காற்று மோட்டார் அறைக்காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்தும். புகை வண்டிச் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தி, தொட்டியை ஈரத்துண்டால் மூடி, புகை அடங்கி அறை காற்றோட்டமானபின் திறவுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஸ்பாஞ்சுக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பட்டுவிட்டால் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிக் கரித்துண்டு போடுவதுதான் செய்யக்கூடியது.

இன்னொரு சாத்தியம் குளோரின். கனமழைக்குப் பிறகோ, குழாய் பழுதுபார்த்த மறுநாளோ பைப்பில் குளோரின் வாசம் தூக்கலாக இருக்கும். ஆன்டி-குளோரின் படிகம் 10 கிராமை 100 மி.லி. கரைசலாக்கி வைத்திருந்தால் 10 லிட்டருக்கு 1 மி.லி. வழக்கமான அளவு, வாசம் அடிக்கும் நாட்களில் 2 மி.லி. இதுவும் வெள்ளைப் படிகம், அமோனியம் குளோரைடும் வெள்ளைப் படிகம். இரண்டு பாட்டிலிலும் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி, வெவ்வேறு அலமாரியில் வையுங்கள்.

அறிகுறி: ஸ்பாஞ்சைக் கொடுத்த பெரிய தொட்டியில் அமோனியா

மீடியாவை அளவுக்குமேல் எடுத்துவிட்டீர்கள், அல்லது எடுத்த அன்றே மீதியையும் கழுவிவிட்டீர்கள். இரண்டையும் இரண்டு வார இடைவெளியில் செய்ய வேண்டும். நான்கைந்து நாள் தீனியைப் பாதியாக்கினால் மிச்சமிருப்பது பெருகி ஈடுகட்டும்.

நான்கு வாரம் முடிந்தபிறகு ஸ்பாஞ்சை என்ன செய்வது

மீன் பெரிய தொட்டிக்குப் போகலாம், ஸ்பாஞ்ச் போகக்கூடாது. பெரிய தொட்டியிலிருந்து தனிமைத் தொட்டிக்கு வரலாம், திரும்பிப் போக வழியில்லை என்பதே விதி. மீனில் நோயே தெரியாவிட்டாலும் இந்த விதியைத் தளர்த்தாதீர்கள். இதே காரணத்தால்தான் கடைத் தொட்டியிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மீடியாவையும் வாங்கக்கூடாது. வெள்ளைப்புள்ளி நோயும் மற்ற கிருமிகளும் பாக்டீரியாவோடு சேர்ந்தே வரும்.

நோய் வந்து போன ஸ்பாஞ்ச் என்றால் எறிந்துவிடுவது நிம்மதி, சில வெள்ளிதான் விலை. திரும்பப் பயன்படுத்த வேண்டுமென்றால், வாசனையும் சோப்பும் சேர்க்காத சாதாரண குளோராக்ஸ் (குளோரின் வெளுப்புத் திரவம்) 50 மி.லி. ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, அழுக்கெல்லாம் பிழிந்த ஸ்பாஞ்சை அரை மணி நேரம் முக்குங்கள். அலசி, ஆன்டி-குளோரின் கரைசல் தாராளமாகக் கலந்த வாளியில் ஒருமணி நேரம் போட்டு, மறுபடி அலசி, உள்ளே ஈரமே இல்லாதபடி இரண்டு மூன்று நாள் வெயிலில் காய வையுங்கள். வலை, குழாய், பிவிசித் துண்டு எல்லாவற்றுக்கும் இதே முறை. முகர்ந்து பார்த்து குளோரின் வாசம் துளியும் இல்லையென்றால், புது ஸ்பாஞ்சைப்போல அதைப் பெரிய தொட்டியில் மாட்டி, தேதியை ஒரு தாளில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.